பகல் கச்சேரியும் மாலைக் கச்சேரியும்

தமிழில் ‘கச்சேரி’ என்ற சொல்லுக்கு ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பொருள்கள் உண்டு. தாலுகா கச்சேரி, கலெக்டர் கச்சேரி, போலீஸ் கச்சேரி என்று நம் பாட்டன்மார் சொன்னபோது அது அரசு அலுவலகம். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு காத்துக்கிடக்கும் இடம். மயிலாப்பூர் கச்சேரி சாலையின் பெயரில் இருப்பதும் அந்தக் கச்சேரிதான். பொழுது சாய்ந்த பிறகு அதே சொல் பாட்டுக் கச்சேரியைக் குறித்தது. ஒருவர் கச்சேரிக்குப் போயிருக்கிறார் என்று வீட்டில் சொன்னால், எந்தக் கச்சேரி என்பதை மணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்துஸ்தானியிலிருந்து வருவாய் நிர்வாகத்தோடு கூடவே வந்த இந்தச் சொல், அலுவலக நாளையும் அது முடிந்த மாலையையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்திருக்கிறது. அந்த முடிச்சைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ஆபீஸ் முடிந்து வந்து தொலைக்காட்சி முன் உட்காருவதைச் சோம்பல் என்றும், உலகத்தைப் பார்க்க விரும்பாதவர்களின் தப்பித்தல் என்றும் சொல்லி முடித்துவிடுகிறோம். சென்னையில் குமாஸ்தா வேலை வளர்ந்த வரலாற்றையும் அந்தக் குமாஸ்தாக்களின் மாலைகள் மாறிய வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு விளக்கம் கிடைக்கிறது. தான் தேர்ந்தெடுக்காத மனிதர்களின் நடுவே, அவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஒரு பகல் முழுவதையும் கழிக்க வேண்டியிருப்பது ஆபீஸ் கொண்டுவந்த புதுமை. உள்ளும் புறமும் தெரிந்த மனிதர்களோடு சில மணி நேரம் இருக்க வேண்டும் என்ற ஏக்கத்தை அதுதான் உண்டாக்கியது. முதலில் சபா நாடகமும் பிறகு தொலைக்காட்சியும் அந்த ஏக்கத்துக்கு விடை சொன்னவை.

முன்பிருந்த தொழில்களில் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக இருந்திருக்க வழியில்லை. தறியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் தம்பியாகவோ மைத்துனனாகவோ இருந்தான். வயலில் கூட நின்று நாற்று நட்டவளின் மாமியார் யார், அவள் வாங்கிய கடன் எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். அந்த உலகம் இனிமையானது என்று நான் சொல்லவில்லை. அதன் கொடுமைகள் பெரியவை. ஆனால் அங்கே பிடிக்காத ஆள்கூடத் தெரிந்த ஆள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பெனி வைத்திருந்த இளநிலை ஊழியர்களுக்கு ‘ரைட்டர்’ என்று பெயர். போலீஸ் ஸ்டேஷனில் அந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. கணக்கு எழுதவும் கடிதம் படியெடுக்கவும் ஆட்கள் பெருகப் பெருக, வேலைக்கு வருகிறவர் இன்னார் பிள்ளை என்ற அறிமுகம் தேய்ந்து, தேர்வும் உத்தரவும் அதன் இடத்துக்கு வந்தன. 1929-இல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு பணியாளர் தேர்வாணையம் ஏற்பட்டது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. அதற்குச் சற்று முன்பு, 1927-இல், வகுப்புவாரி உத்தரவு அரசு வேலை நியமனங்களுக்குப் பன்னிரண்டு இடங்களைக் கொண்ட ஒரு சுழற்சியை வகுத்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. எண்களை விட்டுவிட்டு அவை ஓர் அறைக்குள் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே தெருவில் குடியிருந்திருக்க முடியாதவர்கள், ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்க முடியாதவர்கள், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தமிழகத்தின் சமூக வரலாற்றில் இதைவிடப் பெரிய காரியங்கள் அதிகமில்லை. அது சத்தமில்லாமல், வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயராக ஏறி நடந்தது.

புதிதாக வந்தவர் மீது பழைய ஆட்களுக்கு வரும் எரிச்சலையும் இந்தப் பின்னணியோடுதான் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மேசை, இரண்டு மின்விசிறி, நாடா கட்டிய கோப்புக்கட்டுகள், பசை பாட்டில், குண்டூசிக் கிண்ணம்: அந்தக் காலத்து செக்‌ஷன் என்றால் இவ்வளவுதான். மாற்றலாகி ஒருவர் வருகிறார். காலியாக இருந்தது என்று விசிறிக்கு நேர் கீழே இருக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அது யாருக்கென்று இருபது வருடமாகப் பேசாமலே முடிவான இடம் என்பது அவருக்குத் தெரியாது. அடுத்த மேசையில் இருக்கும் தபாலை எட்டிப் படிக்கிறார். முதல் வாரத்திலேயே சம்பளம் என்ன, பெண்ணுக்கு வரன் பார்த்தாயிற்றா என்று கேட்கிறார். எதைச் செய்தாலும், “எங்க பழைய ஆபீஸ்ல இப்படிச் செய்ய மாட்டாங்க” என்கிறார். மாற்றலாகி வந்தவர்கள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் அது. இவற்றில் எதுவும் குற்றமில்லை; மெமோ கொடுக்கவும் முடியாது. வீட்டில் என்றால் சத்தம் போட்டுவிடலாம், தெருவில் என்றால் வேறு வழியாகப் போய்விடலாம். ஆபீஸில் காலை பத்து மணி முதல் மாலை வரை அதே தும்மலை, அதே செருமலைக் கேட்டுக்கொண்டு, “வாங்க சார், காபி சாப்பிடலாம்” என்று கூப்பிடவும் வேண்டும். அவர் மேலதிகாரியிடம் நம்மைப் பற்றி என்ன போட்டுக்கொடுத்தார் என்பது கடைசிவரை தெரியாது. எரிச்சலைவிட இந்தத் தெரியாமைதான் மனிதனை அதிகம் களைப்படையச் செய்கிறது.

அந்த எரிச்சலை முழுக்க அப்பாவித்தனமானது என்று சொல்லிவிடவும் முடியாது. புதிதாக வந்தவர் தன் சாதியில் அந்த செக்‌ஷனுக்குள் நுழைந்த முதல் ஆளாக இருந்திருக்கலாம்; மத்தியானம் அவர் டிபன் டப்பாவைத் திறந்ததும் பக்கத்து மேசையில் மூக்கு சுளித்திருக்கலாம். முதல் பெண்ணாக இருந்திருக்கலாம். அவர் வந்த நாளோடு தங்கள் பேச்சுச் சுதந்திரம் போயிற்று என்று ஆண்கள் குறைபட்டிருக்கலாம். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் வந்த பையனாகவும் இருந்திருக்கலாம். அவனிடம் கோபப்படவும் முடியாமல், அவன் செய்த தப்பைத் திருத்தி மாளவும் முடியாமல் தலைமை எழுத்தர் தவித்திருக்கலாம். ‘சேர்ந்து வேலை செய்யத் தெரியாதவர்’ என்று ஒருவரைப் பற்றிப் பழைய ஆட்கள் சொல்லும்போது, அந்தச் சொற்களுக்கு அடியில் பிறப்பைப் பற்றிய ஒரு முணுமுணுப்பு எத்தனையோ தடவை ஒளிந்திருந்தது. விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவரின் மாலையையும் சேர்த்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அவருக்குப் பகல் இன்னும் நீளம்.

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னையில் ஆபீஸ் பெருத்தது. 1956-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. 1959-இல் மவுன்ட் ரோட்டில் அதன் பதினான்கு மாடிக் கட்டடம் எழுந்தது. அப்போது நாட்டிலேயே உயரமானது அதுதான். 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின; அவற்றில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இரண்டுக்கும் தலைமையகம் சென்னை. 1931 முதல் ஓடிய கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் இந்தக் கூட்டத்தை மாம்பலம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று இறக்கிவிட்டுக்கொண்டே போனது. இவர்களுடைய மாலைகளுக்குக் கிடைத்த வடிவம்தான், சபா என்ற கலை மன்றங்கள் நடத்திய சபா நாடகம். அதை எழுதியவர், நடித்தவர், பார்த்தவர் என்று மூன்று தரப்பிலும் ஆபீஸ்காரர்களே நிறைந்திருந்தார்கள் என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. முத்துப்பேட்டையில் ஆசிரியராக இருந்துவிட்டு 1950-இல் சென்னைக்கு வந்து ஏ.ஜி. ஆபீஸில், அதாவது அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில், குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் கே. பாலசந்தர். மேஜர் சந்திரகாந்த், சர்வர் சுந்தரம், எதிர்நீச்சல் எல்லாம் அந்த வேலையில் இருந்துகொண்டே அவர் எழுதிய நாடகங்கள். ரயில்வேயில் வேலை பார்த்த நாகேஷ், ரயில்வேகாரர்கள் போட்ட நாடகத்தில் வயிற்றுவலிக்காரராக ஒரு சின்ன வேடத்தில் வந்து, பார்க்க வந்திருந்த எம்.ஜி.ஆரிடம் பாராட்டு வாங்கினார். பின்னால் வந்த கிரேஸி மோகன் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். இன்னும் எத்தனையோ பேர் ஆபீஸ் ரிக்ரியேஷன் கிளப்பின் ஆண்டு விழா நாடகத்தோடு நின்றுவிட்டார்கள். அவர்களும் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கோப்பைக் கட்டிவைத்துவிட்டு ஒத்திகைக்கு ஓடியவர்கள்தான்.

இவர்கள் மேடையில் எதைக் காட்டினார்கள் என்று பார்த்தால் என் வாதத்துக்கு வலுவான சான்று கிடைக்கிறது. ஏ.ஜி. ஆபீஸ் குமாஸ்தா எழுதிய புகழ்பெற்ற நாடகங்களின் களம் ஏ.ஜி. ஆபீஸ் அல்ல. ஒன்றில் கண்பார்வை இழந்த ராணுவ மேஜர், ஒன்றில் ஹோட்டல் சர்வர், ஒன்றில் பல குடும்பங்கள் நெருக்கிக்கொண்டு வாழும் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கும் அநாதைப் பையன். பகலில் தான் பார்க்கும் மேசைகளை அவர் மேடைக்குக் கொண்டுவரவில்லை. மேசைக்குப் பின்னால் இருக்கும் மனிதனுக்குள் என்ன இருக்கிறது என்று பகலில் தெரியாமல் போனதை மாலையில் வேறு உடை போட்டுக் காட்டினார். சர்வர் சுந்தரம் சிரிக்கும்போது அவன் உள்ளுக்குள் அழுவது பார்வையாளருக்குத் தெரியும். பக்கத்து சீட்டுக்காரர் சிரிக்கும்போது அப்படித் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. இதற்கு முன்பே பத்திரிகைக் கதையில் எழுத்தாளர் தேவன் இதைத் தொட்டிருந்தார்: அவருடைய துப்பறியும் சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா, வேலைக்கு உதவாதவன் என்று கருதப்பட்டவன். ஆபீஸ் யாரை மட்டி என்று ஒதுக்கியதோ அவனையே வாசகர்கள் வாராவாரம் காத்திருந்து கொண்டாடினார்கள். சபாவிலும் அதே பிணைப்புதான். ஒரே நாடகத்தை இரண்டாவது, மூன்றாவது முறை பார்த்தவர்கள் நிறைய. அடுத்த வசனம் என்ன என்று தெரிந்திருப்பதே அவர்களுக்கு இன்பமாக இருந்தது.

சபா மாலையைப் பொற்காலம் என்று மட்டும் சொல்லிப் போவது நேர்மையாகாது. சந்தா கட்டி உறுப்பினராக இருப்பவர்களுக்கான இடம் அது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம் போன்ற சில பேட்டைகளுக்குள், பெரும்பாலும் ஒரு சாதியின் நடுத்தர வர்க்கத்துக்குள் அது சுற்றிச் சுற்றி வந்தது. வகுப்புவாரி உத்தரவு செக்‌ஷனுக்குள் கொண்டுவந்த புதியவருக்குச் சபாவின் முன்வரிசை தானாகத் திறந்துவிடவில்லை. வேலைக்குப் போகும் பெண்ணின் நிலைமை இன்னும் மோசம். 1974-இல் வந்த ‘அவள் ஒரு தொடர்கதை’ படத்தைப் பார்த்தால் போதும்: ஆபீஸ் முடிந்தால் அவளுக்கு ஓய்வு தொடங்காது, குடும்பம் என்ற இரண்டாவது ஆபீஸ் திறக்கும். ஆறரை மணிக்கு நாடகத்துக்குப் போய் ஒன்பதரைக்கு வீடு திரும்ப அவளுக்கு யார் சமைத்து வைப்பார்கள்? பகல் கச்சேரிக்குள் அவள் நுழைந்துவிட்டாள், மாலைக் கச்சேரி இன்னும் ஆண்களிடமே இருந்தது. சென்னை மாநகரம் முதல்முறையாகத் தொலைக்காட்சியை இயக்கியபோது இருந்த நிலைமை இது.

அந்த நாள் 1975 ஆகஸ்ட் 15. நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது. அரசு தொலைக்காட்சியைப் பாடம் சொல்லித்தரும் கருவியாகத்தான் எண்ணியிருந்தது. டெல்லியில் 1959-இல் சோதனையாகத் தொடங்கியது முதலே அதன் நோக்கம் கல்வியும் வளர்ச்சியும். சென்னை நிலையத்துக்கும் ‘வயலும் வாழ்வும்’ உண்டு. ஒரு சென்ட் வயலும் இல்லாத மாம்பலத்து வீடுகளில், பூச்சிமருந்தை எந்த அளவில் கலக்க வேண்டும் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காத்திருந்தது வெள்ளிக்கிழமை இரவின் ‘ஒளியும் ஒலியும்’ சினிமாப் பாட்டுகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலைத் திரைப்படத்துக்கும். ஒரு குமாஸ்தாவுக்குப் பெட்டியின் விலை பல மாதச் சம்பளம். சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே செய்த பெட்டிகள் மரக் கூண்டுக்குள், இழுத்து மூடும் கதவோடு வந்தன. கதவுக்குப் பூட்டும் உண்டு. மொட்டைமாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, ஜன்னலில் ஒருவர் நின்று, “வருது, வருது… போயிடுச்சு, கொஞ்சம் இடது பக்கம்” என்று கூவ, பெட்டிக்கு முன்னால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். 1982 ஆகஸ்ட் 15 முதல் தேசிய நிகழ்ச்சியும் வண்ண ஒளிபரப்பும் வந்தன. இந்திச் செய்தி தொடங்கியதும் தட்டு போட்டுச் சாப்பிட உட்காருவது தமிழ் வீடுகளின் பழக்கமாயிற்று. அதே ஆண்டு பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. சென்னை ஒளிபரப்பு எட்டாத தென்மாவட்டங்களில் பனைமரத்துக்குப் போட்டியாக உயர்ந்து நின்ற ஆன்டெனாக்கள் அந்தத் திசை பார்த்தவை.

தொலைக்காட்சிதான் சபா நாடகத்தைக் கொன்றது என்ற குற்றச்சாட்டு அடிக்கடி கேட்கிறது. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வீட்டில் படம் ஓடும்போது மழையில் பஸ் பிடித்து யார் போவார்கள்? ஆனால் குற்றச்சாட்டு இரண்டு விஷயங்களை மறைக்கிறது. நாடகக்காரர்கள் தொலைக்காட்சிக்குள் குடிபெயர்ந்தார்கள் என்பது ஒன்று. எஸ்.வி. சேகரும் கிரேஸி மோகனும் அங்கே எழுதினார்கள், நடித்தார்கள். ஏ.ஜி. ஆபீஸில் தொடங்கிய பாலசந்தரே திரைப்படத்தைக் கடந்து வந்து ‘ரயில் சிநேகம்’, ‘கையளவு மனசு’ போன்ற தொடர்களைத் தந்தார். ஒரே மனிதர், ஒரே பார்வையாளர் கூட்டம். இடம் மட்டும் சபாவிலிருந்து கூடத்துக்கு வந்தது. மற்றது இதைவிட முக்கியம்: இடம் மாறியபோது உள்ளே வர முடிந்தவர்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. டைப்பிஸ்ட் வேலை முடித்து வந்த பெண் கீரை ஆய்ந்துகொண்டே பார்க்க முடிந்த முதல் மாலைக் கச்சேரி தொலைக்காட்சிதான். சந்தா கிடையாது, முன்வரிசை, பின்வரிசை கிடையாது. சபாவில் இடம் கிடைக்காத அந்தப் புதிய குமாஸ்தாவும் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதே நாடகத்தைப் பார்த்தார்.

இழப்பும் இருக்கிறது, அதைச் சிறிதாகக் காட்ட எனக்கு மனமில்லை. சபாவுக்குச் சக ஊழியர்கள் சேர்ந்து போனார்கள். பகலில் எரிச்சலூட்டியவரே மாலை ஒத்திகையில் மீசை ஒட்டிக்கொண்டு சிரிப்பு மூட்டினால், மறுநாள் அவர் செருமல் அவ்வளவாக உறுத்தாது. வீட்டுத் தொலைக்காட்சியால் இந்தச் சமாதானத்தைத் தர முடியவில்லை. அது சக ஊழியரிடமிருந்து விடுதலை தந்தது, அவரோடு பழகும் வழியைத் தரவில்லை. அந்த விடுதலைக்கு அப்போது தேவை இருந்தது. ஊருக்கு ஊர் பேங்க் காலனி, எல்.ஐ.சி. காலனி என்று எழுந்த குடியிருப்புகளில் ஆபீஸ்காரர்களே அண்டை வீட்டுக்காரர்களும் ஆனார்கள். செக்‌ஷனில் முறைத்துக்கொண்டவரின் வீட்டுக் கொடியில் காயும் துணியைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்க வேண்டும். கதவை மூடிவிட்டுப் போக வேறெங்கே இடம்?

தொலைக்காட்சியைப் பார்ப்பவர்கள் ஆபீஸ்காரர்கள் மட்டுமா, விவசாயியும் இல்லத்தரசியும் கடைக்காரரும் பார்க்கவில்லையா என்று கேட்பது நியாயம். பார்க்கிறார்கள், 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைக் கொடுக்கத் தொடங்கிய பிறகு பார்க்காத வீடே அருகிவிட்டது. என் வாதம் பார்வையாளர்கள் யார் என்பதைப் பற்றியதல்ல, அந்த மாலை எந்த அச்சில் வார்க்கப்பட்டது என்பதைப் பற்றியது. அந்த அச்சு ஆபீஸ் நேரம். விவசாயி மாடு கறக்க விடியுமுன் எழுகிறவர். அவர் தேவையைப் பார்த்திருந்தால் முக்கிய நிகழ்ச்சிகளை இரவு பத்து மணிவரை யாரும் நீட்டியிருக்க மாட்டார்கள். 1985 ஜூனில் மத்திய அரசு அலுவலகங்களுக்கு வாரம் ஐந்து நாள் வேலை என்று ஆனது. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் வாராந்தரத் தொடர்கள் தினத் தொடர்களாக மாறின. 1999-இல் தொடங்கிய ‘சித்தி’, 2002-இன் ‘மெட்டி ஒலி’ ஆகியவை திங்கள் முதல் வெள்ளி வரை என்ற கணக்கில் வேரூன்றின. ஒரு தொடர் எந்தக் கிழமையில் இருக்கும், எந்தக் கிழமையில் இருக்காது என்பதை ஆபீஸ் வாரமே தீர்மானித்தது. வயலுக்கு ஞாயிறு ஏது, அடுப்புக்கு ஞாயிறு ஏது? தன் வேலைக்கு லீவே இல்லாத இல்லத்தரசிகூட, சனி ஞாயிறுகளில் கதை நின்றுபோவதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. தொடர்கள் தப்பித்தல் என்றால் அவற்றில் இத்தனை பொல்லாதவர்கள் எதற்கு? பகல் முழுதும் ஒரு கோள்மூட்டியோடு உட்கார்ந்துவிட்டு வந்தவர், மாலையில் இன்னும் பத்துக் கோள்மூட்டிகளை ஏன் தேடிப் போகிறார்? இந்தக் கேள்விதான் எனக்கு வழி காட்டியது. தொடரில் வரும் வில்லி தன் திட்டத்தை வாய்விட்டுச் சொல்கிறாள். அறையில் தனியாக நின்று, கேமராவைப் பார்க்காத குறையாக, “இந்தக் குடும்பத்தை என்ன செய்றேன் பார்” என்கிறாள். விமர்சகர்கள் இதைப் பக்குவமில்லாத எழுத்து என்கிறார்கள். எனக்கு இதில்தான் தொடரின் உயிர் இருப்பதாகத் தோன்றுகிறது. பக்கத்து சீட்டுக்காரர் ஒருநாளும் தராத ஒன்றை அவள் தருகிறாள்: தன் மனசை. அவளை வாய்விட்டுத் திட்டலாம். “நாசமாப் போவா” என்று கூடத்தில் உட்கார்ந்து சபிக்கலாம். மரியாதை என்ற கட்டு பகலில் வாயைப் பூட்டிவைத்திருந்தது, இங்கே பூட்டு இல்லை. அப்படியானால் தொடர் ஆபீஸையே கொண்டுவரும்போது? 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ அதைச் செய்தது: வேலை செய்து முன்னேறும் பெண்ணும் அவளுடைய தொழில் எதிரியும். அங்கேயும் எதிரி யார், அவன் மனசில் என்ன என்பது பார்க்கிறவருக்கு ஒளிவுமறைவில்லை. 1981-இல் பாலசந்தர் எடுத்த ‘தில்லு முல்லு’ திரைப்படம் புதிதாக வேலைக்கு வந்தவனின் பக்கத்திலிருந்து இதைச் சொன்னது. முதலாளிக்குப் பிடித்த மீசை, முதலாளிக்குப் பிடித்த பக்தி, எல்லாம் வேஷம். ரசிகருக்கு அது வேஷம் என்று தெரியும், முதலாளிக்குத் தெரியாது. ஆபீஸில் நாம் எப்போதும் அந்த முதலாளியின் இடத்தில்தான் இருக்கிறோம். எதிரே இருக்கும் முகத்தில் எது மீசை, எது ஒட்டியது என்று தெரியாதவர்களாக. திரைக்கு முன்னால் உட்கார்ந்த மூன்று மணி நேரம் எல்லாம் தெரிந்தவர்களாக இருந்தோம்.

2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது முதல் ஆபீஸின் நேரமே மாறத் தொடங்கியது. அமெரிக்கக் கடிகாரத்துக்கு வேலை செய்பவருக்குச் சாயங்காலம் ஏழரை என்பது ஷிப்ட் தொடங்கும் நேரம். மேசைகளுக்கு நடுவே தடுப்புச் சுவர் இடுப்பளவு இறங்கியது. புராஜெக்ட் மாறும்போதெல்லாம் பக்கத்து ஆளும் மாறினார். புதியவர் வருவது இருபது வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் சங்கதியாக இல்லாமல், ஆறு மாதத்துக்கு ஒன்றாயிற்று. கடைசியில் எரிச்சலூட்டும் அளவுக்குக்கூட ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளாத நிலை வந்தது. அந்தத் தலைமுறை குடும்பத்தோடு கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் மாலையை இழந்தது. நள்ளிரவிலோ விடியற்காலையிலோ, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கைபேசியில் பார்க்கிறார்கள். அப்போதும் பலர் தேடிப் போவது புதிய கதையை அல்ல. பத்து தடவை பார்த்த பழைய அமெரிக்கச் சிரிப்புத் தொடரை, பல வருடத்துக்கு முன் கேட்ட வடிவேலுவின் வசனத்தை, பள்ளிக்கூட நாளில் பார்த்த தொடரைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆபீஸ்கள் மூடின, சின்னத்திரைப் படப்பிடிப்பும் நின்றது. தூர்தர்ஷன் 1987-இல் ஒளிபரப்பிய ராமாயணத்தைத் திரும்பக் காட்டியது. சன் தொலைக்காட்சி ‘மெட்டி ஒலி’யை முதல் பகுதியிலிருந்து போட்டது. ஐந்து பெண்களைப் பெற்ற அந்த அப்பா என்ன பாடுபடப் போகிறார், எந்த மருமகன் எப்போது கை ஓங்குவான் என்பதெல்லாம் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு முன்பே தெரியும். பக்கத்து அறையில் மகனோ மகளோ மடிக்கணினியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார்கள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சக ஊழியர்கள். புதிதாகச் சேர்ந்தவர் மட்டும் கேமராவை அணைத்து வைத்திருந்தார். அவர் இடத்தில் ஒரு பெயரின் முதலெழுத்து தெரிந்தது.